பதினைந்து பதிவுகள்

ஜனவரி 7, செவ்வாய்

என் கணவர் காலத்தில் இல்லாத கருவி இப்போது எதற்கு என்று நான் கேட்டதாக நொய்யல் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்டது இதுதான்: எந்தக் கருவி, ஏன் அது, மற்றது ஏன் வேண்டாம் என்று யாராவது ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? ஒருவரும் கொண்டுவரவில்லை. எழுதிக்கொண்டு வராதவர்கள், கேட்டவளைப் பழமைவாதி என்கிறார்கள்.

துரைராஜ் இந்தச் சங்கத்தைத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் போய் ஆறு ஆண்டுகள். நான் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் அவர் இருந்தபோதும், நான் செயலாளராக இருக்கும் இப்போதும், ஒவ்வொரு பயணத்திலும் எங்கள் கார்தான் முன்னால் போகிறது. சிற்றுண்டிக்குச் சொல்லிவைப்பது, சாலை நிலவரம் பார்ப்பது, வந்து சேர்கிறவர்களை எண்ணுவது ஆகியவை என் வேலை. எழுபத்து நான்கு வயதாகிறது என்பதற்காக அதை வேறொருவரிடம் ஒப்படைக்கும் தேவை இதுவரை ஏற்படவில்லை.

எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். தலைவர் வெங்கடபதி தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

மேல்தொட்டிக் குழாயில் கசிவு. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார்.

ஜனவரி 9, வியாழன்

பிளம்பர் வரவில்லை.

இரண்டு கடைகளுக்குப் போய் விற்பனையாளர்களை உட்காரவைத்துக் கேட்டேன். கைபேசியில் எல்லாரும் ஒரே அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்பது உறுப்பினர் ஒருவரின் யோசனை. மலையில் சிக்னல் இருக்காது, தள்ளுபடி. வாக்கி டாக்கிக்கு ஒரு கை வேண்டும். பொத்தானை அழுத்தும் கை, பிரேக்கில் இருக்கவேண்டிய கை. அதுவும் தள்ளுபடி.

மீதி இருப்பது ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம். அதில் இரண்டு வகை. ஒன்று சங்கிலி போல. முதல் வண்டி இரண்டாவதோடு, இரண்டாவது மூன்றாவதோடு என்று கோத்துக்கொண்டு போகும். நடுவில் ஒருவர் அறுந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். மற்றதை மெஷ் என்கிறார்கள். அது வலை போல. யார் விலகினாலும் மற்றவர்களின் கருவிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். விலகியவர் கூப்பிடு தூரத்துக்குத் திரும்பி வந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளும். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோதிக்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆனைகட்டி சாலையில் சோதனை. இரண்டு வகையிலும் கருவிகளைக் கடையிலிருந்து இரவல் வாங்கியிருந்தேன். ஏழு வண்டிகள், முன்னால் எங்கள் கார். கான்வென்டில் எங்களுக்கு டிக்டேஷன் வைப்பார்கள். அதையே செய்தேன். காரிலிருந்து பத்து ஊர்ப்பெயர்களை ஒரே ஒருமுறை வாசித்தேன். வண்டியை நிறுத்தியதும் அவரவர் காதில் விழுந்ததை எழுதித்தர வேண்டும். சங்கிலி வகையில் எழுபதுக்கு நாற்பத்தொரு பிழை. மெஷ் வகையில் இரண்டே பிழை.

குப்புராஜின் தாளில் பிழை இல்லை. ஆனால் மேலே கோடு போட்டு, "பெயர்: குப்புராஜ். வகுப்பு: ஏழாம் நம்பர். பிரிவு: கடைசி பெஞ்ச்" என்று எழுதியிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, மோட்டார் பம்ப் பட்டறை முதலாளி. வரிசையில் எப்போதும் கடைசி வண்டி அவருடையது. துரைராஜுக்கு மிகவும் வேண்டியவர். அந்த உரிமையில் என்னை அண்ணி என்பார்.

திரும்பும்போது நான் என் கருவியை அணைத்துவிட்டதாக நினைத்தார்கள் போலும். தெளிவைச் சோதிக்க நல்ல வாய்ப்பு என்பதால், கேட்டதைக் கேட்டபடி எழுதிவைத்தேன்.

குப்புராஜ்: "அண்ணன் எதுக்கு வண்டி ஓட்ட ஆரம்பிச்சாருன்னு நினைக்கறீங்க? ஊட்டுல வாயத் தொறக்க முடியாது. ஹெல்மெட்டுக்குள்ளயாச்சும் நிம்மதியா இருக்கலாம்னுதான்."

வெங்கடபதி: "யோவ், சும்மா வாய்யா."

குப்புராஜ்: "இப்பப் பாருங்க, ஹெல்மெட்டுக்குள்ளயும் பிரின்ஸிபால் வந்தாச்சு. அண்ணன் நேரத்துலயே தப்பிச்சுட்டாருங்க."

பிறகு சிரிப்பு.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில், எதிர்க்காற்றில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. பலர் ஒன்றாகச் சிரிக்கும்போது மட்டும் யார் யார் சிரிக்கிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. இது ஒரு குறை. மற்றபடி மெஷ் வகையையே பரிந்துரைக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய திரைச்சீலைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கருவியைப் பயன்படுத்தும் விதிகளை எழுதி முடித்தேன். வண்டி ஓட்டும்போது வீண்பேச்சு கவனத்தைக் கலைக்கும். இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பயணத்தில் ஒருவரும் தானாகப் பேசக்கூடாது. பேச வேண்டியவர் தம் வண்டியின் வரிசை எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருப்பவர் "சொல்லுங்கள்" என்ற பிறகே விஷயத்தைச் சொல்லலாம். எண் ஒலிக்காதவரை அவர் நலமாக இருக்கிறார் என்று கொள்ளப்படும். கட்டுப்பாடு: செயலாளர்.

எங்கள் கான்வென்ட் விடுதியில் நானூறு பெண்கள் சாப்பிடும் கூடத்தில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். கையை உயர்த்தி, சிஸ்டர் தலையசைத்த பிறகே வாய் திறக்கலாம். அதனால் ஒருத்திக்கும் கெடுதல் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கூட்டத்தில் விதிகளை வாசித்தேன். குப்புராஜ் கையைத் தூக்கினார். "ஒண்ணுக்கு வந்தாக்கூட நம்பர் சொல்லணுமுங்களா அண்ணி?" எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஆமாம். சொல்லணும்" என்றேன்.

வெங்கடபதி இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பெரிய வளைவிலும் நின்று, பின்னால் வருகிறவரின் முன்விளக்கு தெரிந்த பிறகே கிளம்புவது எங்கள் சங்கத்தின் வழக்கம்.

"மேடம், இனி அது எதுக்குங்க? காதுலதான் எல்லாரும் இருக்காங்களே. மலையில நாப்பது வளைவுக்கும் நின்னு நின்னு போனா பொழுது சாஞ்சுரும்."

அது துரைராஜ் ஏற்படுத்திய வழக்கம். பழமைவாதி என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒப்புக்கொண்டேன். அடுத்த மாத வால்பாறைப் பயணத்திலிருந்து நடைமுறை.

ஜனவரி 24, வெள்ளி

எட்டுக் கருவிகள் வந்தன. எட்டும் வேலை செய்கின்றன.

மாலையில் குப்புராஜின் மனைவி நாகரத்தினம் போன் செய்தாள். "அக்கா, இவரு அந்த ஹெல்மெட்ட கழட்டவே மாட்டேங்கறாருங்க. சாப்புட உக்காந்தாக்கூட 'ஏழு'ங்கறாரு. நான் 'சொல்லுங்க'ன்னாத்தான் சாம்பார் ஊத்தச் சொல்றாரு. என்னக்கா விளையாட்டு இது?" அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கருவி விளையாட்டுப் பொருள் அல்ல என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறப்பதற்கு முன் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை 6.10க்கு உக்கடத்திலிருந்து புறப்பாடு. ஏழு வண்டிகள். காரை எங்கள் டிரைவர் ரங்கசாமி ஓட்டினார். நான் முன்இருக்கையில், மடியில் பதிவுத்தாள். யார் எத்தனை மணிக்கு அழைத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதினேன். பயணம் முழுவதும் மொத்தம் பதினைந்து பதிவுகள்.

கிணத்துக்கடவு தாண்டியதும்: "ஏழு." "சொல்லுங்கள்." "டீ எப்பங்க?"

பொள்ளாச்சியில் சிற்றுண்டி முடிந்து கிளம்பியதும்: "ஏழு." "சொல்லுங்கள்." "ஏழு நலமா இருக்குதுங்க. சும்மா சொன்னேன்." மற்றவர்கள் விதியை மீறிச் சிரித்தார்கள். அடுத்த முறை இப்படிச் செய்தால் அவரைப் பயணத்திலிருந்து நீக்குவேன் என்று சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

ஆழியாறு செக்போஸ்ட்டை 10.05க்குத் தாண்டினோம். வெயில் இல்லை. மலையில் ஒலி நன்றாக இருந்தது. 10.42க்குப் பிறகு ஏழாம் எண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. விதிப்படி நலம் என்று கொண்டோம்.

நாற்பதாவது வளைவு தாண்டித் தேநீர்க் கடையில் எண்ணினேன். ஆறு வண்டிகள். மணி 11.35. ஏதோ விளையாட்டு என்று பத்து நிமிடம் பார்த்தோம். பிறகு வெங்கடபதி திரும்பிப் போனார்.

பதினேழாவது வளைவில் குப்புராஜின் வண்டி ஓரமாக, ஸ்டாண்ட் போட்டு நின்றதாம். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, ஹெல்மெட் கழற்றாமல் இருந்தார். கீழே இறங்கிவந்த அரசுப் பேருந்தின் கண்டக்டர்தான் முதலில் பார்த்து, ஆட்களை இறக்கி, படுக்கவைத்து, நெஞ்சை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். முதலிலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவர் அதை முடிக்கவில்லையாம்.

பிப்ரவரி 3, திங்கள்

பிளம்பர் வந்தார். கசிவு நின்றது.

பிப்ரவரி 5, புதன்

அறிக்கை எழுதுவதற்காகப் பதிவுத்தாளைக் கேட்டு வெங்கடபதி ஆள் அனுப்பினார். அதில் தேநீர் சிந்தியிருந்தது. சுத்தப்படி எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு பதிவுகள். கையெழுத்து நன்றாக அமைந்தது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து இரண்டு வேளையும் போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவசரக் கூட்டம். வெங்கடபதி அறிக்கையை வாசித்தார். "ஏழாம் எண் வாகன ஓட்டி தமது கருவியை அணைத்து வைத்திருந்ததாலோ, கருவியின் கோளாறாலோ, அவரிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை." கையெழுத்துகள் ஆறு. குடும்பத்துக்கு ஒரு பிரதி அனுப்பியாயிற்று. கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வகை பார்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்க நேரத்தில் அது இயல்புதான்.

பிப்ரவரி 12, புதன்

குப்புராஜின் காரியத்துக்குப் போனேன். பந்தலில் அவருடைய தம்பி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பாட்டுக் கேக்கறதுக்காக அந்த மிஷினை அணைச்சுட்டாருங்க. சங்கத்துலயே எழுதிக் குடுத்துட்டாங்க. அந்த வயசுல விளையாட்டுத்தனம். யாரச் சொல்றது?"

நாகரத்தினம் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஃபிரிட்ஜின் மேல் ஹெல்மெட் இருந்தது. கருவி இன்னும் அதிலேயே மாட்டியிருந்தது.

"அக்கா, போலீஸ்காரங்க அன்னைக்குச் சாயங்காலம் இதைக் கொண்டாந்து குடுத்தாங்க. அப்பவும் பச்சை லைட்டு மினுக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்கு அணைக்கத் தெரியல. விளக்கு வைக்கற நேரத்துக்குத் தானா நின்னுச்சு. அவரு அணைச்சிருந்தா எப்படிங்க்கா மினுக்கும்?"

கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்திருந்தது.

"எல்லாரும் அவரைத்தான் சொல்றாங்க. பெத்த மகளே சொல்றா, அப்பா எதையும் ஒழுங்கா செஞ்சதில்லைன்னு. நீங்க முன்னாடி கார்ல இருந்தீங்க. நீங்க சொன்னா நம்புவேன். அவரு கூப்புட்டாருங்களா?"

மலையில் ஒலி சரியாக வராது என்று சொன்னேன். பொதுவாக அது உண்மை.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க்கா" என்றாள். அவர்கள் வீட்டில் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கருவிகளைத் திருப்பி அனுப்புமுன் சோதிக்க வேண்டியது செயலாளரின் கடமை. ஒன்றை ரங்கசாமியிடம் கொடுத்து காரில் ஒரு கிலோமீட்டர் போகச் சொன்னேன். நன்றாகக் கேட்டது. எட்டில் ஏழு என்னிடம் இருக்கின்றன. ஏழிலும் கோளாறு இல்லை.

ரங்கசாமி திரும்பி வந்து கருவியை மேசைமேல் வைத்தார். போகாமல் நின்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. அன்னைக்கு நான் ரோட்டத்தான் பாத்துட்டு இருந்தேன். கார்ல பேசுனது எதுவும் நான் கேக்கலீங்க. யாரு வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்." பிறகு, "அவரு 'சரிங்க'ன்னு சொன்னது ஒண்ணுதான் மனசுல நின்னுக்கிட்டு இருக்குதுங்க. அந்த மனுஷன் அப்படிப் பணிஞ்சு பேசி நான் கேட்டதே இல்ல."

நான் அவரிடம் எதுவும் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இஸ்திரிக்குத் துணி போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15, சனி

வெங்கடபதியை வரச்சொல்லியிருந்தேன். காப்பி கொடுத்து, அறிக்கையில் தவறு இருப்பதாகச் சொன்னேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "மேடம், அத விட்டுருங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டுக் கருவியும் ஒரே வலையிலதானுங்களே இருந்துச்சு. ஆறு பேரு காதுலயும் விழுந்துச்சுங்க. நீங்க குடுத்த தாள்ல அது இல்ல. சரி, அப்படியே இருக்கட்டும்னு நாங்களும் கையெழுத்துப் போட்டோம்."

"ஏன்?"

"துரைராஜ் அண்ணன் ஊட்டுப் பேரு அதுல வரக்கூடாதுங்க. இந்த வயசுல உங்களைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல யாரு நிறுத்துவா? குப்புராஜ் போயாச்சு. அவனுக்கு இனி என்ன பேரு கெடப் போவுது?"

என்னைக் காப்பாற்றும்படி நான் யாரையும் கேட்கவில்லை என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டி முடித்ததும் மெதுவாக, "சுத்தப்படி எடுத்தது யாருங்க மேடம்?" என்றார்.

இந்த ஒருமுறை அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நாளை கடிதம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அனுப்பிய கடிதத்தின் நகல்:

தலைவர் அவர்களுக்கு,

பிப்ரவரி 9ஆம் தேதி வாசிக்கப்பட்ட அறிக்கையில் குப்புராஜ் அவர்களிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை என்று இருப்பது தவறு. அவர் தம் கருவியை அணைக்கவில்லை. கருவியில் கோளாறும் இல்லை. சரியான விவரம் பின்வருமாறு.

காலை 10.42க்கு அவர் "ஏழு" என்றார். நான் "பொறுங்கள்" என்றேன். "சரிங்க" என்றார். அதன்பிறகு நான் அவரை அழைக்கவில்லை. தேநீர்க் கடையில் வண்டிகளை எண்ணும்வரை, ஐம்பத்துமூன்று நிமிடங்கள், அழைக்கவில்லை. அவர் விதிப்படி காத்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் பேச வேறு யாரும் காத்திருக்கவில்லை. எதிரே வண்டி வரவில்லை. அவரைப் பொறுக்கச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அதற்கு முன் இரண்டு முறை அவர் விளையாட்டாக அழைத்ததைக் காரணமாகப் பதிய வேண்டாம். மூன்றாவது முறை அவர் குரலில் விளையாட்டு இல்லை. அது எனக்குக் கேட்டது. இப்போதுதான் அடங்கினார் என்று நினைத்தேன். எனக்கு அது திருப்தியாக இருந்தது. ஜனவரி 12 அன்று அவர் என்னைப் பற்றிப் பேசியதைக் கேட்ட மறுநாள்தான் பேச்சு விதியை எழுதினேன். அதைப் பாதுகாப்பு என்று சங்கத்திடம் சொன்னேன்.

நான் தங்களுக்கு அனுப்பிய பதிவுத்தாள், மூலத்திலிருந்து ஒரு வரியை நீக்கி நான் எழுதியது. மூலத்தில் தேநீர் சிந்தியது உண்மை. அந்த வரியின்மேல் சிந்தவில்லை. மூலத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கருவியை மாற்ற வேண்டாம். அது நல்ல கருவி. எண் சொல்லிக் காத்திருக்கும் விதியை நீக்குங்கள். வளைவுகளில் பின்வண்டியின் விளக்கைப் பார்த்துக் கிளம்பும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முன்னால் போகும் காரில் வேறொருவரை உட்காரவையுங்கள். இன்றோடு நான் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.

இந்தக் கடிதத்தின் நகலை நாளை காலை நானே நாகரத்தினத்திடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன். அவருடைய மகளையும் மைத்துனரையும் உடன் இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் சங்கம் தந்த அறிக்கையைச் சங்கம்தான் திருத்தித் தர வேண்டும். என் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.

ஆறு பேரின் கையெழுத்தோடு அறிக்கையைத் திருத்தி அந்தக் குடும்பத்துக்கு அனுப்புவீர்களா, மாட்டீர்களா என்பதை வரும் சனிக்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

ஹேமாவதி துரைராஜ்